கப்பல் ஏறாமல் மாலுமியின் ஒரு நாளைப் படமாக்க முடியுமா?

பாளையங்கோட்டையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் நண்பர் கேட்டிருப்பது இது. கடற்படையில் 15 ஆண்டு வேலைபார்த்து ஓய்வுபெற்று, இப்போது நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கும் தாய்மாமாவை வைத்து அரை மணி நேர ஆவணப்படம் எடுக்க ஆசை. போர், பீரங்கி, அணிவகுப்பு எதுவும் வேண்டாம். மாலுமிகளின் அன்றாடம் மட்டும், நிதானமாக. போர்க்கப்பலுக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் படத்தை விட்டுவிட வேண்டியதுதானா? அனுமதியைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தாலும், கப்பலே இல்லாமல் கப்பல் வாழ்க்கையைப் பொய்யில்லாமல் காட்ட முடியுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று படுகிறது. முடியும். இந்த மாதிரிப் படங்களுக்கு ஒலிப்பதிவும் விவரச் சரிபார்ப்பும் செய்கிறவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன். கப்பலைத் தேடுவதற்கு முன்னால் மாலுமியின் கடிகாரத்தைப் பிடியுங்கள். அவர் நாள் எப்படித் துண்டுபடுகிறது என்பது கைக்கு வந்துவிட்டால், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இயங்கும் போர்க்கப்பலிலோ கடற்படைத் தளத்திலோ படமெடுக்க வேண்டுமானால் பாதுகாப்பு அமைச்சகத்தின் மக்கள் தொடர்பு அலுவலகம் வழியாக எழுத்து மூலம் கேட்க வேண்டும். சென்னையில் அதற்கு அலுவலகம் உண்டு. கல்லூரிக் கடிதம், முழு ஸ்கிரிப்ட், குழுவினர் பெயர் விவரம், என்ன கேமரா, எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஆனாலும் மாணவர் படத்துக்கு ஓடும் கப்பலில் இடம் கிடைப்பது அரிது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பணியில் இருக்கும் சொந்தக்காரப் பையனிடம் ஃபோனில் நாலு காட்சி எடுத்து அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்ஃபோனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கடற்படை 2019 டிசம்பரில் தடை போட்டது. அந்தப் பையனின் வேலைக்கே உலை வைத்துவிடுவீர்கள். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் உங்களையும் விடாது. நான் வக்கீல் இல்லை. சட்ட நுணுக்கத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி சொல்வதே முடிவு.

இனி கடிகாரம். கடலில் இருக்கும் கப்பல் தூங்குவதில்லை. அதனால் 24 மணி நேரத்தை ஏழு வாட்சாக, அதாவது ஏழு பணிமுறையாக, பிரிப்பது பழைய மரபு. நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், 4 முதல் 8 வரை மார்னிங், 8 முதல் 12 வரை ஃபோர்நூன், 12 முதல் மாலை 4 வரை ஆஃப்டர்நூன். அதன்பிறகு 4 முதல் 6, 6 முதல் 8 என்று இரண்டு குட்டி வாட்ச், அவற்றுக்கு டாக் வாட்ச் என்று பெயர். இரவு 8 முதல் 12 வரை ஃபர்ஸ்ட் வாட்ச். மாலை நாலு மணி நேரத்தை மட்டும் இரண்டாக வெட்டியதற்குக் காரணம் உண்டு. ஆறு வாட்சாக விட்டால், மூன்று குழுவாகப் பிரிந்து வேலைபார்க்கும்போது ஒரே குழுவுக்கே தினமும் நள்ளிரவு விழும். ஏழாக்கினால் சுற்று நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதை ஒரு ஆளின் மேல் போட்டுப் பாருங்கள். முதல் நாள் நள்ளிரவு 12 முதல் 4, பகல் 12 முதல் 4, மறுபடி இரவு 8 முதல் 12. இரண்டாம் நாள் காலை 8 முதல் 12, மாலை 6 முதல் 8. மூன்றாம் நாள் விடிகாலை 4 முதல் 8, மாலை 4 முதல் 6. நான்காம் நாள் மீண்டும் நள்ளிரவு. சராசரி பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான். ஆனால் முதல் நாளில் பன்னிரண்டு மணி நேரம் வந்துவிழுகிறது. வாட்ச் இல்லாத பகல் நேரமும் ஓய்வு கிடையாது, அது துப்புரவு, பராமரிப்பு, பயிற்சி, தீயணைப்பு ஒத்திகைக்குப் போய்விடும். அதிகாலை 4 மணிக்கு மிடில் வாட்ச் முடித்துப் படுத்தவரை ஆறு மணி வாக்கில் எல்லோரையும் எழுப்பும் அறிவிப்பு எழுப்பிவிடும். படத்தின் எலும்புக்கூடு உங்களுக்கு இங்கேயே கிடைக்கிறது. ஒரு நாள் என்று எடுக்காமல் இந்த மூன்று நாள் சுற்றை எடுங்கள். வீட்டில் மாமா அமைதியாக எழுந்து பல் தேய்ப்பதைக்கூட இந்த நேரங்களின் மேல் பொருத்தினால், பார்ப்பவருக்கு உடம்பில் உறைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மரபுச் சுற்றில் வாட்சின் பெயர்களும் நேரங்களும் மாறாதவை. ஆனால் எல்லாக் கப்பலிலும் எல்லா நாளும் மூன்று குழுச் சுற்றுதான் என்று சொல்ல முடியாது. ஆள் குறைவான சிறு கப்பலில், பதற்றமான நாட்களில், ஆறு மணி நேரம் வேலை ஆறு மணி நேரம் ஓய்வு என்று இரண்டு குழுவாக ஓட்டுவார்கள். எஞ்சின் அறையின் கணக்கு ஒன்று, சமையல்காரரின் கணக்கு வேறு. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது இந்தச் சுற்றே இல்லை, டியூட்டி வாட்ச் தவிர மற்றவர்கள் கரைக்குப் போகலாம். ஆகவே எந்தக் கப்பல், எந்த வருஷம், எந்தப் பிரிவு என்ற மூன்றையும் மாமாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் ஒரு ஷாட்டும் எடுக்காதீர்கள். கப்பலின் பெயரைப் படத்தில் சொல்லலாமா கூடாதா என்பதை அவர் முடிவுக்கே விடுங்கள்.

வாட்ச் மாறும் தருணத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், அன்றாடத்தில் மிகக் கனமான நிமிடங்கள் அவை. அடுத்து நிற்கப்போகிறவரை இருபது முப்பது நிமிடம் முன்னதாகவே எழுப்ப வேண்டும். மூன்றடுக்குப் படுக்கை, சுற்றிலும் தூங்குகிறவர்கள், எந்த பங்க் யாருடையது என்று எழுதிய நோட்டு, கையில் சிவப்பு டார்ச். பக்கத்து ஆள் விழித்துவிடாமல் இவர் தோளை மட்டும் தொட்டு எழுப்ப வேண்டும். எழுந்தவர் இருட்டில் சட்டையைத் தேடி, ஏணி ஏறி, குறித்த நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் முந்தியே போய் நிற்பார். பிந்தினால் அந்த நிமிடங்கள் முன்னவரின் தூக்கத்திலிருந்து போகும். மாலுமிகள் சேர்ந்து சாப்பிட்டுத் தூங்கும் மெஸ் டெக்கில் இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. சிவப்பு விளக்கு அழகுக்காக வைத்தது இல்லை. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், மங்கிய சிவப்பில் பெரிதாகப் போகாது.

இதை எடுக்கப்போகும் மாணவர்கள் சிவப்பு எல்இடி ஒன்றைப் போட்டுவிட்டுக் கேமராவைத் தட்டுவார்கள், முகம் பிளாஸ்டிக் மாதிரி வரும். சுத்தச் சிவப்பில் சென்சாரின் நான்கில் ஒரு பங்குப் புள்ளிகள்தான் வேலைசெய்யும். அந்தச் சிவப்பு சேனல் நிரம்பி வழிந்துவிட்டதை சாதாரண ஒளிமீட்டர் காட்டாது. மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒளி அளவை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். கூடவே மூலையில் எங்கோ மிக மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கட்டும், தோலில் கொஞ்சம் உயிர் வரும். மூன்றடுக்குப் படுக்கைக்கு செட் போட வேண்டியதில்லை. ரயிலில் ஸ்லீப்பர் கோச் நடு பெர்த்தில் படுத்துப் பழகிய உடம்புக்கு இந்த இடுக்கு தெரியும். அளவை அதிலிருந்து எடுத்து, இரும்புக் குழாயும் பிளைவுட்டும் வைத்து ஒரே ஒரு மூலையைக் கட்டினால் போதும். அதுவும் படம் பார்ப்பவருக்கு இது கட்டப்பட்டது என்று தெரியட்டும். மாமாவே அதில் ஏறிப் படுத்துக் காட்டட்டும். நடிகரைப் படுக்கவைத்து உண்மை என்று காட்டுவதைவிட அது நேர்மையானது.

கப்பல் ஆடுவதைக் காட்டுவதில் பலரும் தவறுகிறார்கள். கேமராவைக் கையில் வைத்து இடமும் வலமும் சாய்ப்பார்கள். கப்பலுக்குள் இருக்கும் கேமராவும் கப்பலோடு சேர்ந்துதான் ஆடும், ஆகவே சுவரும் தரையும் ஃப்ரேமுக்குள் நேராகவே இருக்கும். மாறுவது தொங்கும் பொருள்தான். கொக்கியில் மாட்டிய துண்டு சுவரை விட்டு விலகி நிற்கும், டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும், நிற்கிறவர் முழங்கால் ஒன்றை மடக்கி எதிர்ப்பக்கம் சாய்வார். நடுத்தரப் போர்க்கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வர எட்டு முதல் பன்னிரண்டு விநாடி ஆகும், அவசரமாக ஆட்டினால் தோணி மாதிரி இருக்கும். செட் மூலையில் துண்டை மெல்லிய நைலான் நரம்பு கட்டி அந்த வேகத்தில் இழுத்துவிட்டால் போதும், கேமரா ட்ரைபாடை விட்டு அசைய வேண்டாம்.

சத்தத்துக்கு வருகிறேன். கப்பலில் நிசப்தம் என்று ஒன்று இல்லை. ஜெனரேட்டர், காற்றோட்ட விசிறி, குழாய்க்குள் ஓடும் தண்ணீர், தூரத்தில் இரும்புக் கதவு. பழகியவர்கள் சத்தத்தில் நன்றாகத் தூங்குவார்கள், சத்தம் மாறினால் விழித்துக்கொள்வார்கள். ஜெனரேட்டர் நின்று விசிறி ஓய்ந்தால் மெஸ் டெக் முழுக்க எழுந்து உட்காரும். இந்த அடிச்சத்தம் உங்கள் படத்தில் ஓடிக்கொண்டே இருந்து, வீட்டுக் காட்சி வரும்போது நிற்க வேண்டும். அதைப் பதிவுசெய்யக் கப்பல் தேவையில்லை. கல்யாண மண்டப ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதுதான் கணக்கு. பல போர்க்கப்பல்களில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே அதே வகை இயந்திரம் 1800 சுற்றில் ஓடும். எனவே பதிவை 20 சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி பொருந்தும். ரஷ்ய வடிவமைப்புக் கப்பல்களில் 50 ஹெர்ட்ஸும் உண்டு, அதனால் மாமாவின் கப்பல் எது என்று கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் வெறும் இரைச்சல்தான் வரும். இரண்டு சுவர் தள்ளி, கதவைச் சாத்திவிட்டு, குறைந்தது இரண்டு நிமிடம் தொடர்ச்சியாக எடுங்கள். இதே கணக்கு படத்துக்கும் பொருந்தும். நம் ஊரில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50. என்றாவது 60 ஹெர்ட்ஸ் கப்பலில் எடுக்க வாய்த்தால் 1/60 வையுங்கள், இல்லாவிட்டால் விளக்கு துடிப்பது திரையில் கோடுகோடாக ஓடும்.

பகல் வேலையில் படத்துக்கு மிக உகந்தது துருவெடுப்பு. சிப்பிங் என்பார்கள். இரும்பும் உப்புக்காற்றும் சேர்ந்த இடத்தில் இதற்கு முடிவே இல்லை. கைப்பிடிக் கம்பியின் அடிப்பாகம், வெல்டிங் ஓரம், கயிறு உரசும் இடம் ஆகியவற்றில்தான் முதலில் பெயின்ட் கொப்புளிக்கும். சிறு சுத்தியலால் தட்டித் துருச் செதிலைப் பெயர்த்து, சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு சாம்பல் பெயின்ட். கழுவுவதை ஏமாற்றினால் அடியில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, சில வாரத்தில் மேல்பூச்சு அப்பளமாக எழும்பிவிடும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கிட்டத்தில் எடுக்க வேண்டுமானால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கோ கன்னியாகுமரி சின்னமுட்டத்துக்கோ போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகளைக் கரையேற்றி இதே வேலையைத்தான் செய்வார்கள். சுத்தியல், துருத் தூள் படிந்த விரல், நகக்கண், வியர்வை என்று நெருக்கமாக எடுத்து, இது படகுதான் என்பதை மாமாவின் வாயாலேயே சொல்லவையுங்கள். “கப்பல்லயும் இதே பாடுதான்” என்று அவர் சொல்லிவிட்டால் யாரும் ஏமாந்ததாக உணர மாட்டார்கள்.

சமையலறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருநூறு பேருக்குச் சப்பாத்தி என்றால் விடியுமுன்பே அடுப்பு பற்றிவிடும். கடல் கொந்தளிக்கும் நாளில் எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள், பானையைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டார்கள், அடுப்பின் மேல் கம்பித் தடுப்பு இருக்கும். சாப்பாட்டு மேசையில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்தால் தட்டு நழுவாது. இந்த ஈரத் துணி ஒன்றைக் காட்டினாலே புயல் காட்சி எதுவும் தேவைப்படாது.

மாமாவிடம் எப்படிக் கேட்பது என்பதில் பாதிப் படம் இருக்கிறது. “கப்பல் வாழ்க்கை எப்படி இருந்துது?” என்று கேட்டால் “நல்லா இருந்துது, கஷ்டமும் உண்டு” என்பதோடு நின்றுவிடும். கைவேலையும் பொருளும் சார்ந்து கேளுங்கள். “மாமா, மிடில் வாட்ச் முடிஞ்சு வந்து ஈரச் சட்டைய எங்க போடுவிய?” “தண்ணி நேரம் முடிஞ்ச பொறவு குளிக்கணும்னா என்ன செய்விய?” “பக்கத்து பங்க் ஆளோட சண்டைன்னா எங்க போயி நிப்பிய?” இப்படிக் கேட்டால் உடம்புக்கு நினைவு வரும். நல்ல தண்ணீர் கப்பலிலேயே கடல்நீரிலிருந்து எடுப்பது, அதனால் குழாய்க்கு நேரக் கட்டுப்பாடு போடுவது வழக்கம். பேச்சில் இந்தி கலந்து வரும், அதை வெட்டாதீர்கள். மெஸ் டெக்கில் பஞ்சாபியும் மலையாளியும் ஒடியாவும் பேசிக்கொண்டது அதில்தான். மைக் சட்டைக் காலரில் இருக்கட்டும், ஃபேனை நிறுத்துங்கள், ஒரு கேள்வி கேட்டபின் பத்து விநாடி வாயைத் திறக்காதீர்கள். அத்தையையும் விட்டுவிடாதீர்கள். மாமா கடலில் இருந்த மாதங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, வீட்டுக் கூரை ஒழுகியது எல்லாம் அத்தை கணக்கில்தான் இருக்கிறது. அத்தையைத் தனியாக, மாமா வீட்டில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். கூட இருந்தால் அவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

பொருட்களில் கவனமாக இருங்கள். பெயரும் எண்ணும் வெள்ளையில் எழுதிய கருப்பு டிரங்குப் பெட்டி வீட்டில் இருந்தால் அதுவே முதல் சாட்சி. பழைய கடிதங்கள் இருந்தால் முகவரியைப் பாருங்கள், கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் என்று ஏதோ ஒரு ஃப்ளீட் மெயில் ஆபீஸ்தான் எழுதியிருக்கும். எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே வீட்டார் எழுதினார்கள் என்பதற்கு அந்த உறை போதும், விளக்கவுரை வேண்டாம். புகைப்படத்தில் கொடி தெரிந்தால் வருஷத்தைச் சரிபாருங்கள். சிவப்புச் சிலுவைக் கோடு போட்ட கொடி 2001 வரை இருந்தது, அந்த ஆண்டு நீக்கினார்கள், 2004இல் நடுவில் அசோகச் சின்னத்தோடு திரும்பி வந்தது, 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் கப்பல் சேர்ந்த நாளில் முழுதாக மாறி எண்கோண முத்திரை வந்தது. உருமறைப்புப் புள்ளி போட்ட வேலைச் சீருடை 2020இல் வந்தது. மாமா அதற்கு முன்பே ஓய்வுபெற்றவர் என்றால் வெளிர்நீலச் சட்டை, கருநீலக் கால்சட்டை. இணையத்தில் கிடைக்கும் படத்தை ஒட்டவைத்து இதில் பிழை விட்டால், சேவையில் இருந்தவர்கள் முதல் நிமிடத்திலேயே படத்தை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

ஊரை விட்டுவிடக் கூடாது. கடற்படை நம் நெல்லை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ் அலைவரிசை நிலையம். சாதாரண வானொலி அலை கடல்நீரில் உடனே செத்துவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைதான் சில மீட்டர் தொடங்கிச் சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். குரல் போகாது, எழுத்துச் செய்திதான், அதுவும் மெதுவாக. நீர்மூழ்கி கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. திசையன்விளைக்காரர் ஒருவர் கடலுக்கடியில் வேலைபார்த்தால், அவருக்கு வரும் ஒருவழிச் செய்தி அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து புறப்பட்டிருக்கலாம். நிதானமான படத்துக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. ஆனால் பேச்சில் மட்டும் வரட்டும். கோபுரங்களைச் சாலையிலிருந்துகூட எடுக்காதீர்கள், அந்தப் பக்கம் ட்ரோனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம். பனையும் உடைமரமும் செம்மண்ணும் காட்டி ஒலியை அதன்மேல் ஓடவிடுங்கள்.

லீவு முடிந்து திரும்பும் நாளும் அன்றாடத்தில் சேர்த்திதான். மின்பிரிவுக்காரர் என்றால் ஜாம்நகரில் கடற்படையின் வல்சுரா பயிற்சிப் பள்ளி, நெல்லையிலிருந்து ஜாம்நகருக்கே நேராக ரயில் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டி, இட்லிப் பொடி, எண்ணெய் கசியாமல் மூடிமேல் துணி கட்டிய ஊறுகாய் என்று அத்தை அன்று அடுக்கியதுபோல அடுக்கிக் காட்டுவதை ஒரே ஷாட்டில், வெட்டாமல் எடுங்கள். ஜங்ஷனில் எடுப்பதாக இருந்தால் ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

உண்மையான இரும்பு உட்புறம் ஒன்று வேண்டுமென்றே தோன்றினால் விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. படமெடுக்க அங்கேயும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் அந்த இடுக்கில் ஒருமுறை குனிந்து நடந்துவிட்டு வந்தால் உங்கள் செட் மூலை சரியாக வரும். டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டிப் பொதுமக்களைக் கப்பலில் ஏற்றுவதும் உண்டு, அறிவிப்பைக் கவனித்து நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போங்கள்.

வெளிப்புறக் காட்சிகளை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம், உவரிப் பக்கம் மைக்குக்குக் கம்பளி உறை போட்டாலும் பேச்சு தேறாது. துருவெடுக்கும் காட்சியை மட்டும் தடைக்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கடற்கரையில் எடுத்த அன்றே லென்ஸின் முன் ஃபில்டரை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புப் படலத்தை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். எடிட்டிங் முடிந்ததும், ஒலிக்கலவைக்குப் போகுமுன், மாமாவோடு அதே காலத்தில் வேலைபார்த்த இன்னொருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். வாட்ச் நேரம், சீருடை, கொடி இந்த மூன்றையும் அவர் சரியென்றால் போதும். வெளியில் சொல்லக்கூடாத எதையாவது மாமா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கப்போவதும் அவர்தான், அவர் நீக்கச் சொன்ன இடத்தை மறுபேச்சில்லாமல் நீக்கிவிடுங்கள்.